கயிற்றை நம்பும் முன்

மலைநாட்டு மக்களுக்குக் கயிறு புதிய பொருளன்று. அற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலை மலைகளில் கொழுந்து கொய்யும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையிலே மாட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகச் சரிவுகளில் ஏறி இறங்கி வந்திருக்கின்றனர். விறகுக் கட்டைப் பிணைப்பது கயிறு. வெட்டும் மரத்தை வேண்டிய திக்கிலே சாய்ப்பது கயிறு. முன்னாளில் சில தோட்டங்களில், உயரமான மலைகளிலிருந்து கொழுந்து மூட்டைகள் உருக்குக் கம்பியிலே தொங்கியபடி தொழிற்சாலைப் பக்கம் வழுக்கி இறங்கியதும் உண்டு.

விறகைக் கட்டிய கயிறு அறுந்தால் கட்டுக் குலையும், மீண்டும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மனிதன் தொங்கும் கயிறு அறுந்தால் மீண்டும் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆதலின் ஒரு கயிறு உயிரைத் தாங்குமா என்பதை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி, மலையோடு வாழும் நமக்கு மிக நெருங்கிய கேள்வியாகும்.

கேள்வியும் பழையதே. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையில் 1344ஆம் ஆண்டளவில் ஏறிய இபின் பதூதா என்னும் யாத்திரிகர், அங்கே பாறையிற் படிகள் வெட்டி, இரும்பு முளைகள் அறைந்து, பிடித்து ஏறுவதற்குச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்ததை எழுதி வைத்துள்ளார். அச்சங்கிலிகள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அதைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குபவர் தலைசுற்றி, விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கலிமாவை ஓதுவதால் வந்த பெயர் அது. இன்று நல்லதண்ணி வழியாக ஏறுவோருக்குப் படிகளும் கைபிடிகளும் உண்டு. அன்றைய யாத்திரிகருக்கோ, முன்னே சென்றவர் விழவில்லை என்பதைத் தவிரச் சங்கிலியின் உறுதிக்கு வேறு சான்று இருந்திருக்க இயலாது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு என்னும் செங்குத்துச் சரிவில், 2015 பெப்ரவரியில், நெதர்லாந்து நாட்டவர் ஒருவர் படம் பிடிக்கையில் கால் தவறி விழுந்தார். 800 மீற்றருக்கு மேற்பட்ட அப்பாதாளத்தில், சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரம் அவரைத் தாங்கிக்கொண்டது. இராணுவ வீரர்கள் கயிறுகளின் துணையோடு இறங்கி அவரை உயிருடன் மீட்டனர். மீட்கச் செல்லும் வீரரின் கயிற்றில் இறங்கும்போது ஓருயிரே தொங்கினும், திரும்பும்போது ஈருயிர் தொங்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வேளையில் 'இது நல்ல கயிறு' என்று வாயாற் சொல்வது போதுமா?

இழுத்துப் பார்த்தல் போதாது

கயிறு வாங்கும்போது நம்மவர் செய்யும் சோதனை யாவர்க்கும் தெரியும். இரு கைகளாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். இன்னும் ஐயமிருந்தால் இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து இழுப்பார்கள். கயிறு அறாவிட்டால் மனம் நிறைந்துவிடும். ஆனால் நிலத்தில் நின்று இழுக்கும் ஒருவர் தம் உடல் எடையளவுக்கு இழுப்பதே அரிது. விழும் மனிதனைத் தடுத்து நிறுத்தும் கணத்திலோ, கயிற்றின் மேல் அவன் எடையைப் போலப் பன்மடங்கு விசை பாய்கின்றது.

இதன் காரணத்தைக் கிரிக்கெற் ஆடும் நம் சிறுவர்கள் அறிவார்கள். வேகமாக வரும் பந்தைக் கைகளைப் பின்னே இழுத்தவாறு பிடித்தால் வலியில்லை. கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் வீங்கும். பந்து ஒன்றே, வேகமும் ஒன்றே. நிற்க எடுக்கும் தூரமே வேறு. கயிறும் அவ்வாறே. நீண்டு கொடுக்கும் கயிறு விழுபவனை மெல்ல நிறுத்தும். நீளாத உருக்குக் கம்பி, அறாமல் நின்றாலும், விழுபவனின் உடலை முறித்துவிடும். ஆகவே மலையேறுவோர் கயிற்றுக்கு வலிமை மட்டும் போதாது, நெகிழ்ச்சியும் வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்து அளப்பதற்கு உலகெங்கும் வழங்கும் சோதனை ஒன்று உண்டு. சர்வதேச மலையேறும் சங்கங்களின் ஒன்றியம் 1960களிலிருந்து வகுத்து வளர்த்த முறை அது. 80 கிலோகிராம் எடையை 2.8 மீற்றர் நீளக் கயிற்றிலே கட்டி, ஏறக்குறைய 4.8 மீற்றர் விழச் செய்வார்கள். கயிறு ஓர் உருக்கு விளிம்பின் மேல் மடிந்து அதனைத் தாங்க வேண்டும். தனிக் கயிறாகப் பயன்படுவது இவ்வாறு ஐந்து முறையேனும் அறாமல் நிற்க வேண்டும். முதல் வீழ்ச்சியில் எழும் விசை 12 கிலோ நியூற்றனைத் தாண்டலாகாது. அது 1,200 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடைக்குச் சமம். அதாவது 80 கிலோகிராம் மனிதனின் எடையைப் போலப் பதினைந்து மடங்கு! மனித உடல் கணப்பொழுது தாங்கக்கூடிய எல்லையைக் கருதியே இவ்வளவு குறிக்கப்பட்டது.

பையிற் கிடந்த நல்ல கயிறு

கயிற்றை விழும் எடையினால் சோதிக்க வேண்டும் என்னும் அறிவு ஐரோப்பாவில் எழுந்த காலத்தையும், அதைப் புறக்கணித்ததால் நேர்ந்த துயரையும் ஈண்டு கூறுதல் தகும்.

இலண்டனிலுள்ள அல்ப்ஸ் மலையேறுவோர் கழகம் 1864ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்துப் பலவகைக் கயிறுகளைச் சோதித்தது. மனித எடையளவு பாரத்தைக் கட்டி உயரத்திலிருந்து விழச் செய்தபோது, இலேசானவை, கைக்கு இதமானவை என்று பலரும் விரும்பிய பின்னற் கயிறுகள் தாங்காமல் அறுந்தன. மணிலா நார் முதலியவற்றால் முறுக்கிய சில கயிறுகளே தேறின. மணிலா நார் என்பது பிலிப்பைன் தீவுகளில் விளையும், வாழைக்கு இனமான ஒரு செடியின் நாராகும்.

அடுத்த ஆண்டு, 1865 யூலை 14ஆம் நாள், எட்வேர்ட் விம்ப்பர் உட்பட எழுவர் சுவிற்சர்லாந்து, இத்தாலி எல்லையிலுள்ள மற்றர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலாக அடைந்தனர். ஒரே கயிற்றில் பிணைந்து இறங்கும்போது இளைஞர் ஒருவர் வழுக்கினார். அவரோடு மூவர் இழுபட்டனர். நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் பிழைத்தனர்.

விம்ப்பரிடம் அன்று மூவகைக் கயிறுகள் இருந்தன. கழகம் தேர்ந்த கயிறு ஒன்று. அதனினும் வலியது ஒன்று. முன்னாளில் அவர் பயன்படுத்திய மெல்லிய பழங்கயிறு ஒன்று. அறுந்தது அம்மெல்லிய கயிறே. நல்ல கயிறு கைவசம் இருந்தும் அந்த இடத்திற் கட்டப்படவில்லை. அறுந்த துண்டு இன்றும் செர்மாற் நகரின் அரும்பொருட் சாலையில் உள்ளது. சோதனை செய்தால் மட்டும் போதாது, சோதித்துத் தேறியதையே கட்ட வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முடிச்சும் கோணமும்

கயிறு முழுவதும் ஒரே வலிமையுடையதன்று. முடிச்சு விழுந்த இடத்தில் நார்கள் கூர்மையாக வளைகின்றன. வளைவின் வெளிப்புறத்து நார் மிகுதியாக இழுபட, உட்புறத்து நார் சும்மா கிடக்கும். பாரம் பங்கிடப்படாமையால் அவ்விடமே முதலில் அறும். மலையேறுவோர் விரும்பும் எட்டு வடிவ முடிச்சு கயிற்றின் வலிமையில் முக்காற் பங்களவை மிஞ்ச விடுகிறது. சாதாரண ஒற்றை முடிச்சில் மிஞ்சுவது ஐந்தில் மூன்று பங்களவே. இரு கயிறுகளை இணைக்கச் சாரணர் பயிலும் 'ரீப்' முடிச்சோ வலிமையைப் பாதியளவாக்குவதோடு, சில வேளைகளில் தானே நெகிழ்ந்தும் விடும். பொதி கட்டுவதற்கு அது நல்லது. உயிரைக் கட்டுவதற்கு ஆகாது.

அடுத்தது கோணம். நாடாவையோ கயிற்றையோ வளையமாக்கி மரத்திலும் பாறையிலும் மாட்டுவதை 'ஸ்லிங்' என்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கனமான இயந்திரத்தைத் தூக்குவதற்கும் இது பயன்படும். 100 கிலோகிராம் பாரத்தை இரு கிளைகளிலே தொங்கவிட்டால் கிளைக்கு 50 கிலோகிராம் என்றுதான் எவரும் நினைப்பர். கிளைகள் இரண்டும் நேராகத் தொங்கும்போது மட்டுமே அது சரி. இடைக்கோணம் 60 பாகையாயின் ஒவ்வொன்றிலும் 58 கிலோகிராம். 90 பாகையாயின் 71. 120 பாகையாயின் 100. 150 பாகையாயின் 193. கோணம் 170 பாகையை எட்டினாலோ 570 கிலோகிராமுக்கு மேல்! முற்றத்தில் விறைப்பாகக் கட்டிய துணிக்கொடி, ஈரத்துணி இரண்டைப் போட்டதும் பட்டென்று அறுவதன் இரகசியமும் இதுவே. கிளைகளை நீளமாக்கிக் கோணத்தைக் குறைப்பது, தடித்த கயிறு வாங்குவதிலும் மலிவான பாதுகாப்பாகும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

1935இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் நைலோனைக் கண்டபின், நார்க் கயிற்றின் காலம் மலையேற்றத்தில் மெல்ல முடிந்தது. 1953இல் ஜெர்மனியில் எடெல்றிட் நிறுவனம், உள்ளே இழைகளும் வெளியே உறையுமாக அமைந்த கயிற்றை உருவாக்கியது. இன்றைய மலைக் கயிறுகள் அவ்வகையினவே.

ஆயினும் நைலோனுக்கும் பகைகள் உண்டு. நனைந்தால் அதன் வலிமை குறையும். கூரிய பாறை விளிம்பு, பாரமேறிய கயிற்றைக் கத்தி போல் அறுக்கும். ஓடும் கயிறு இன்னொரு நைலோன் நாடாவில் உரசினால், அந்தச் சூட்டில் நாடா உருகும். மோட்டார் வண்டி பற்றறியின் கந்தக அமிலம் பட்ட கயிறு, கண்ணுக்கு எவ்விதக் கறையும் காட்டாமலே வலுவிழந்துவிடும். லொறியின் பின்புறத்தில் பழைய பற்றறியோடு கயிற்றைப் போட்டு வைப்போர் இதை மறவாதிருத்தல் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலம், மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நாளடைவில் உளுத்து, தொட்டாலே பொடியாகும். அதை மனிதரைத் தாங்கப் பயன்படுத்தவே கூடாது.

2016 மே 21ஆம் நாள் இலங்கையரில் முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியை அடைந்தவர் ஜயந்தி குரு உதும்பால. அம்மலையில் ஏறுவோர், பாறையிலும் பனியிலும் முன்னரே கட்டிய கயிறுகளைப் பற்றிச் செல்வர். அவற்றினருகே சென்ற ஆண்டுகளின் நைந்த கயிறுகளும் தொங்குவதுண்டு. எது புதியது, எது பழையது என்று அறிந்து மாட்டுவதே அங்கு உயிர் காக்கும் கல்வி.

மாணவர்க்கு ஒரு சோதனை

இவற்றை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மாணவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். மெல்லிய சணல் நூல், ஒரு வாளி, ஒரு போத்தல், தண்ணீர் ஆகியன போதும். பெரியவர் ஒருவர் அருகிருக்கட்டும். வாளி விழும் இடத்தில் எவர் காலும் இருக்க வேண்டாம்.

முதலில் வாளியை நூலிலே தொங்கவிட்டுச் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். வாளியின் எடையையும் சேர்த்து, எவ்வளவில் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதே நூலின் நடுவில் ஒரு முடிச்சிட்டு மீண்டும் சோதியுங்கள். பின்னர், அறுந்த எடையில் காற்பங்குத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பி, நூலிலே கட்டி, நூலின் மேல்முனை அளவுக்கு உயர்த்திக் கைவிடுங்கள். அசையாமல் தொங்கியபோது நான்கு மடங்கைத் தாங்கிய நூல், விழும் காற்பங்கைத் தாங்காமல் அறுவதைக் காண்பீர்கள்.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்யுங்கள். ஐந்து விடைகளும் ஒன்றாயிரா. அப்போது எதைக் கணக்கிற் கொள்வது? தேர்வுப் புள்ளியாயின் சராசரி பார்க்கலாம். கயிற்றுக்கோ ஐந்திலும் குறைந்ததே கணக்கு. அந்தக் குறைந்த அளவிலும் ஒரு சிறு பங்கையே ஏற்ற வேண்டும். சரக்குத் தூக்குவோர் அறும் பாரத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஏற்றார். மனிதர் தொங்குவதாயின் பத்திலொரு பங்கு, அதனினும் குறைவு.

வீட்டிலே ஆளைத் தாங்க வேண்டிய கயிறு இருப்பின், அதை வாங்கிய ஆண்டை ஒரு துண்டில் எழுதிக் கட்டி வையுங்கள். கிணற்றில் இறங்கவும் மரத்தில் ஏறவும் அதைத் தனியே ஒதுக்குங்கள். மாடு கட்டவும் வண்டி இழுக்கவும் அதை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் விரலால் முழு நீளமும் தடவிப் பாருங்கள். தட்டையாகவோ மெத்தென்றோ படும் இடம் பழுதுற்ற இடம். ஒருமுறை பெருவீழ்ச்சியைத் தாங்கிய கயிறு, பார்வைக்குப் புதிதே போலிருந்தாலும், தன் கடனை முடித்துவிட்டது. அதை நன்றியோடு நறுக்கி, விறகு கட்ட அனுப்பிவிடுங்கள்.