பார்த்தவர் ஏன் பேசவில்லை?

செனாய், கூலாய் வட்டாரத் தோட்டத்துப் பெரியவர்களிடம் அவசரகாலத்தைப் பற்றிக் கேட்டால், "நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை, தம்பி" என்பார்கள். அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் நாளே முடிந்துவிட்டது. பதில் மட்டும் மாறவில்லை. இதைக் கோழைத்தனம் என்று நாமும் சிறு வயதில் நினைத்ததுண்டு. அது தவறு.

ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தத் துயரம் ஆறுமுன்பே, 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. பால்மரம் சீவுகிறவர் விடியுமுன் தன்னந்தனியாக நிரைக்குப் போகிறவர். காட்டோரத்தில் துப்பாக்கியோடு ஒருவன் அரிசி கேட்கிறான். கொடுத்தால் சட்டப்படி குற்றம்; மறுத்தால் உயிருக்கு மோசம். போலீசில் சொல்லலாமே என்பீர்கள். சொன்னவர் மறுநாளும் அதே நிரைக்குத்தானே போக வேண்டும்! சொல்லாதவருக்கோ விசாரணையின்றித் தடுப்புக்காவல் வரலாம். இருபுறமும் நெருப்பு, நடுவில் மௌனமே பாதுகாப்பாகத் தோன்றியது.

1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவினரில் 12 பேர் கொல்லப்பட்டனர். ஊரார் வாய் திறக்கவில்லை. ஹை கமிஷனர் டெம்ப்ளர் நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். குற்றமறியாக் குழந்தைகளையும் பட்டினி போட்ட அச்செயலை நாம் ஏற்கமாட்டோம். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் கவனிக்கத்தக்கது. வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் கொடுத்தார்கள். கையெழுத்து வேண்டியதில்லை. தாள்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூர் சென்று, ஊர்ப் பிரதிநிதிகளின் முன்னிலையில் திறக்கப்பட்டன. எல்லார் கையிலும் தாள் இருந்ததால், எழுதியவர் யார், வெறுந்தாள் போட்டவர் யார் என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. ஆகவே மக்கள் அஞ்சியது பேசுவதற்கன்று. பேசியவர் இவர் என்று அடையாளம் தெரிவதற்கே.

பயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1968-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் டார்லியும் லத்தானேயும் ஓர் அறைக்குள் புகையைவிட்டுச் சோதித்தார்கள். தனியே இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் போய்ச் சொன்னார்கள். ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்த இருவரோடு இருந்தவர்களிலோ நூற்றுக்குப் பத்தே பேர்! அடுத்தவர் சும்மா இருந்தால் நாமும் சும்மா இருந்துவிடுகிறோம்.

இன்று காட்டில் துப்பாக்கி இல்லை. என்றாலும் அடுத்த வீட்டில் பெண்ணோ பிள்ளையோ அடிபடும் சத்தம் கேட்டால், வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டுகிறவர்கள் நம்மிடையே இல்லையா? காரணம் பழையதுதான்: விடிந்தால் அதே குழாயடியில் முகத்தில் முகம் விழிக்க வேண்டும். உதவிக்கு 15999 என்ற அரசாங்கத் தொலைபேசி எண் இருக்கிறது. பலருக்கு அது தெரியும். அழைக்கத்தான் கை வருவதில்லை.

எங்கள் பள்ளியில் வியாழன்தோறும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு துண்டுத்தாளை மடித்துப் பெட்டியில் போடுகிறார்கள். சொல்ல ஒன்றுமில்லாதவர்களும் போட வேண்டும், அதுதான் ஏற்பாடு. பெரும்பாலும் வெறுந்தாள், சிலவற்றில் பூனைப் படம். சென்ற மாதம் ஒன்றில் இரண்டு வரி இருந்தது. அன்று மாலையே நாங்கள் இருவர் அந்த வீட்டுக்குப் போனோம்.