நுரை அடங்கிய பிறகு

“எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டியில் நுரை அடங்கிவிட்டது. அப்படியென்றால் சோப்பு போய்விட்டதுதானே, சார்?” ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடிக்கும்போது, லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டார்.

பாதிதான் போயிருக்கும், தம்பி. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இந்தப் பக்கம் முழுக்க ஹாஸ்டலும் கேன்டீனும்தான். துணி துவைத்த தண்ணீரில் முக்கியமாக வருவது எல்.ஏ.எஸ்., அதாவது லீனியர் ஆல்கைல்பென்சீன் சல்ஃபோனேட். அதற்கு மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனை நம் மணலியிலேயே தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிக்கிறது. ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு சல்ஃபோனேட், 10 முதல் 13 கார்பன் வரை நீளும் ஒரு வால். பாக்டீரியா அந்த வால்நுனியை அமிலமாக்கி, பிறகு இரண்டிரண்டு கார்பனாகக் கத்தரிக்கும். வால் குறுகினால் நுரை வராது. மிஞ்சுவது எஸ்.பி.சி., அதாவது சல்ஃபோஃபீனைல் கார்பாக்சிலேட்.

இது எல்.ஏ.எஸ். அளவுக்கு மீனைக் கொல்வதில்லை. பின் எதற்கு அளக்க வேண்டும்? எஸ்.டி.பி. வேலையை முடித்ததா, பாதியில் விட்டதா என்று தெரிய வேண்டுமே! வழக்கமான மெத்திலீன் நீலச் சோதனை இதைச் சொல்லாது. எல்.ஏ.எஸ்.ஸோடு ஜோடி சேர்ந்த சாயம் குளோரோஃபாமுக்குள் இறங்கும், எஸ்.பி.சி.யோ தண்ணீரை விட்டு வராது.

ஆகவே எச்.பி.எல்.சி., அதாவது உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை. அதன் சி-18 காலத்தில் (பிரிப்புக் குழாயில்) எண்ணெய்த்தன்மை உள்ளது தங்கும், தண்ணீரை விரும்புவது ஓடும். இரண்டு மின்னேற்றம் சுமக்கும் எஸ்.பி.சி., உப்போடு உப்பாக முதல் நிமிடங்களிலேயே ஒரே மேடாக வெளியேறிவிடும். உடனே புதுக் காலம் வாங்கப் பர்ச்சேஸுக்கு மெயில் போடுவார்கள். வீண் செலவு. முதலில் பி.எச்.சைப் பாருங்கள். கார்பாக்சில் பகுதியின் பி.கே.ஏ. 4.5 பக்கம். மொபைல் ஃபேஸை 3க்குக் கொண்டுவந்தால் ஒரு மின்னேற்றம் அடங்கும், பொருள் காலத்தில் தங்கும். 4.5 அருகிலேயே வைத்தால் பஃபர் கொஞ்சம் பிசகினாலும் பீக் இடம் மாறும். சல்ஃபோனேட் எந்த அமிலத்துக்கும் அசையாது; அதற்கு ட்ரைஎத்திலமீன் போன்ற ஒரு துணை அயனி வேண்டும். பெரும்பகுதி தண்ணீரோடு தொடங்கி அசிட்டோநைட்ரைலை மெல்ல ஏற்றினால் குட்டை வால் முதலில் வரும், நீள வால் பிறகு, சிதையாத எல்.ஏ.எஸ். கடைசியில். ஃப்ளோரசன்ஸ் டிடெக்டரை 225, 295 நானோமீட்டரில் வையுங்கள்.

வளையம் வாலின் நுனிக் கார்பன்களைத் தவிர எந்தக் கார்பனிலும் ஒட்டியிருக்கலாம். அதனால் ஒரே நீளத்துக்கே பல பீக் வரும். மொத்த அளவுதான் வேண்டுமென்றால் சி-8 காலமும் சோடியம் பெர்குளோரேட்டும் அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தரும். ஆனால் பெர்குளோரேட் ஆவியாகாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் விட்டால் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டியதுதான். அங்கே அம்மோனியம் அசிடேட் மாதிரி ஆவியாகும் உப்பு மட்டுமே. எல்.ஏ.எஸ். 297, 311, 325, 339 நிறைகளில் தெரியும். நான்கையும் உடைத்தால் 183 வரும்.

சாம்பிள் பாட்டிலை ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். பாக்டீரியா வழியிலும் தின்றுகொண்டுதான் இருக்கும். கண்ணாடிச் சாமான்களுக்கு மெத்தனால் மட்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பிளாஸ்கில் எடுத்த ரிசல்ட்டுக்கு, எவ்வளவு விலையுயர்ந்த காலத்தில் ஓட்டியிருந்தாலும், நான் கையெழுத்துப் போட மாட்டேன்.