பைலட் வேலை கிடைச்சாச்சு... சம்பளம் எப்போ?



பைலட் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தோளில் கோடு போட்ட வெள்ளைச் சட்டை, இழுத்துக்கொண்டு போகும் சின்னப் பெட்டி, கை நிறையச் சம்பளம். ஆனால் ஆஃபர் லெட்டர் வாங்கிய நாளுக்கும், பயணிகளோடு பறக்கும் முதல் நாளுக்கும் நடுவில் இரண்டு, மூன்று மாதப் பயிற்சி இருக்கு. அந்த மாதங்களில் சம்பளம் உண்டா? உடம்பு சரியில்லாமல் போனால் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவாங்க?

இதைப் புரிஞ்சுக்க அமெரிக்காவை எடுத்துக்கலாம். அங்கே வேலை செய்யும் வயதில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியே வருது. அதனால் வேலை மாறும் இடைவெளி என்பது அங்கே உண்மையிலேயே ஆபத்தான இடம்.

பயிற்சியில் என்ன நடக்குது?

அமெரிக்க ஏர்லைனில் சேர்பவர் ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கி, பல நூறு மணி நேரம் பறந்தவர்தான். இருந்தாலும் முதலில் வகுப்பறை. கம்பெனியின் விதிகள், அப்புறம் அந்த விமானத்தின் ஹைட்ராலிக்ஸ், மின்சாரம், இன்ஜின் என ஒவ்வொரு சிஸ்டமும். அடுத்து சிமுலேட்டர். இன்ஜின் தீப்பிடிப்பதும், ஓடுபாதையில் பாதியில் நிறுத்துவதும் அதில்தான் பழகணும். பரீட்சை தேறினால் நிஜ விமானம். பயணிகள் பின்னால் இருக்க, பயிற்சி கேப்டன் பக்கத்தில் இருக்க, ஜெட் விமானத்தில் பொதுவாக 25 மணி நேரம் பறந்து காட்டணும். இதெல்லாம் முடிஞ்சால்தான் அவர் முழு ஃபர்ஸ்ட் ஆபீசர்.

பறந்தால்தான் காசு

ஏர்லைன் பைலட்டுக்குச் சம்பளம் மணிக் கணக்கில். அதுவும் விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த கேட்டில் நிற்கும் வரைக்கும்தான் கணக்கு. விமானம் குறைவாக ஓடினாலும் வருமானம் கீழே போகாமல் இருக்க, மாதம் இத்தனை மணி நேரத்துக்கு நிச்சயம் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் இருக்கும். பெரும்பாலும் அது 75 மணி நேரத்தை ஒட்டி இருக்கும்.

சரி, பயிற்சியில் இருப்பவர் பறக்கவே இல்லையே? இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். சில இடங்களில் முதல் நாளிலிருந்தே அந்த உத்தரவாதச் சம்பளம். சில இடங்களில் ஒரு சிறு தொகையும், ஹோட்டல் அறையும், சாப்பாட்டுப் படியும் மட்டும். 1990-களில் சில சிறிய ஏர்லைன்கள் பயிற்சிச் செலவையே புதியவர் தலையில் கட்டின. வேலைக்குச் சேரவே ஆயிரக்கணக்கான டாலர் கட்டியவர்கள் உண்டு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 டாலர், மாதம் 75 மணி நேரம் என்றால் 6,750 டாலர். இரண்டு மாதத்துக்கு 13,500. அதே இரண்டு மாதம் பயிற்சித் தொகை மாதம் 2,000 டாலர் மட்டும் என்று வைத்துக்கொண்டால் கையில் வருவது 4,000. ஆஃபர் லெட்டரில் "மணிக்கு 90 டாலர்" என்ற வரி ஒன்றேதான். அது எந்தத் தேதியில் தொடங்குது என்பதில் 9,500 டாலர் வித்தியாசம்.

2009, பஃபலோ

சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்துபோனார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

ஆனால் விசாரணையில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. 24 வயது ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டில் பக்கம் வசித்தவர். வேலைக்காக இரவெல்லாம் வேறு விமானங்களில் நாட்டையே குறுக்கே கடந்து நியூவார்க் வந்திருந்தார். அவருக்குச் சளி பிடித்திருந்தது. லீவு போட்டால் ஹோட்டலுக்குத் தன் கைக்காசைச் செலவழிக்கணும் என்று அவர் பேசியது விமானி அறைப் பதிவில் இருந்தது. அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் பேசப்பட்டது. கம்பெனி பிறகு அது 24,000-க்குப் பக்கம் என்றது. எப்படிப் பார்த்தாலும் அந்தச் சம்பளத்தில் நியூவார்க்கில் வாடகை கொடுத்துத் தங்குவது கஷ்டம்.

2010-ல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி 2013-லிருந்து ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆகவும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேணும். முன்பு 250 மணி நேரம் போதும். தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டமாக, சம்பளம் மெல்ல ஏறியது. 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாயும் பீட்மாண்ட்டும் புது ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன.

இன்சூரன்ஸ்: அந்த 90 நாள்

சம்பளம் ஏறினாலும் காப்பீட்டுக் கேள்வி அப்படியே இருக்கு. சில கம்பெனிகளில் முதல் நாளே காப்பீடு தொடங்கும். சிலவற்றில் அடுத்த மாதம் 1-ம் தேதி. சிலவற்றில் 60 நாள் கழித்து. 2014-லிருந்து அமெரிக்கச் சட்டப்படி காத்திருப்புக் காலம் 90 நாளைத் தாண்டக் கூடாது. ஆனால் 90 நாள் என்பதே கிட்டத்தட்ட முழுப் பயிற்சிக் காலம்!

ஒரு உதாரணம். பழைய வேலையும் அதன் காப்பீடும் மே 31-ல் முடியுது. பயிற்சி ஜூன் 10-ல் ஆரம்பம். புதுக் காப்பீடு "60 நாள் முடிந்தபின் வரும் மாதத்தின் முதல் தேதி" என்றால் அது செப்டம்பர் 1. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் முழுசா மூணு மாசம் கையில் ஒண்ணும் இல்லை.

இதுக்கு ஒரு வழி "கோப்ரா". பாம்பு இல்லீங்க, சட்டத்தின் பெயர்! வேலையை விட்டவர் பழைய கம்பெனியின் குழுக் காப்பீட்டையே பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் நாமே கட்டணும், மேலே 2 சதவீதம் நிர்வாகச் செலவு. இதில் ஒரு வசதி உண்டு. சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம். ஜூன் 20-ல் கால் உடைந்தால், அதுக்கப்புறம் சேர்ந்து, ஜூன் 1-லிருந்து பிரீமியம் கட்டினாலும் செல்லும். இது போக, 26 வயது ஆகாதவர் அப்பா அம்மாவின் காப்பீட்டில் இருக்கலாம். அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனியாக வாங்கவும் செய்யலாம்.

பைலட்டுக்கு ஏன் இது பெரிய விஷயம்?

நமக்கு முதுகுவலி என்றால் லீவு போட்டு, திரும்பி வந்து உட்காரலாம். பைலட்டுக்கு உடம்புதான் லைசென்ஸ். முதல் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குக் கீழே 12 மாதமும், அதற்கு மேல் 6 மாதமும்தான் செல்லும். சான்று கையில் இருந்தாலும், உடம்பில் கோளாறு என்று தெரிந்தால் பறக்கக் கூடாது என்பதும் விதி. காப்பீடு இல்லாத புதியவர் என்ன செய்வார்? "பயிற்சி முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடத்தான் தோணும். அப்போ விதி ஒரு பக்கம், பர்ஸ் ஒரு பக்கம் இழுக்கும்.

நமக்கு என்ன?

நம் கேம்பஸ் ஆஃபர்களிலும் "பயிற்சிக் காலம்" என்று ஒரு வரி இருக்கு. நாம பார்ப்பது எத்தனை லட்சம் என்பதை மட்டும். அடுத்த முறை ஹெச்.ஆர். "ஏதாவது கேட்கணுமா?" என்றால் மூணே கேள்வி கேளுங்க. பயிற்சியில் கையில் வருவது எவ்வளவு? மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்கும்? நடுவில் விலகினால் நான் எவ்வளவு திருப்பித் தரணும்? பதிலை மெயிலில் வாங்கிக்கோங்க.

கற்றுக்கொள்ளும் நாளும் வேலை நாள்தான். அந்த நாட்களிலும் பசிக்கும், காய்ச்சலும் வரும்.