ஊரும் ஊசியும் – 11: புத்தாண்டுக்கு முன்பே போட வேண்டியது

சென்ற வாரம் சின்னமுத்துவைப் பார்த்தோம். அதற்கு ஊசியும் உண்டு, நாளும் உண்டு: 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று. இன்புளுவன்சாவுக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் அரசாங்கத்தின் தடுப்பூசி அட்டவணையில் அதற்கு இடம் இல்லை.

நாவுல, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே ஏ-9 வீதியில் இருக்கும் ஊர். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் மரக்கறி லொறிகளும் யாழ்ப்பாண பஸ்களும் இரவு பகலாக இதைக் கடந்துதான் போகின்றன. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பில் வேலை செய்பவர்கள் நிறைந்த பஸ்களில் ஊர் திரும்புவார்கள். விடுமுறை முடிய, பிள்ளைகள் வகுப்பறையில் நெருக்கமாக உட்காருவார்கள். இலங்கையில் இன்புளுவன்சா ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு தடவையும், நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொரு தடவையும் தலைதூக்குவது வழக்கம். 2018 மே மாதம் தென் மாகாணத்தில் சிறுபிள்ளைகள் காய்ச்சலும் நியூமோனியாவுமாக வைத்தியசாலைகளை நிறைத்தார்கள். சில பிள்ளைகள் இறந்தும் போனார்கள். ஆரம்ப வகுப்புகளை மூட வேண்டி வந்தது. இதைச் சாதாரணத் தடிமன் என்று தள்ளிவிட முடியாது.

கிராமத்துக் கிளினிக் நாளைப் பாருங்கள். தராசில் பிள்ளையைத் தொங்கவிட்டு நிறை பார்த்து, பதிவேட்டின் வளைகோட்டில் மருத்துவிச்சி மிஸ் ஒரு புள்ளி வைக்கிறார். அடுத்த பக்கத்தில் ஊசிகளின் பட்டியல். இன்புளுவன்சா ஊசியைப் பற்றித் தாய் கேட்டால், "அது நம்மகிட்ட இல்லம்மா, தனியார்லதான் போடணும்" என்ற பதில்தான் கிடைக்கும். நாட்கூலிக் குடும்பத்துக்கு அது ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் ஊசிக் காசும் சேர்ந்த செலவு.

காய்ச்சல் பரவத் தொடங்கிய பிறகு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம். லேசான தடிமன் இருந்தாலும் தடையில்லை. கடும் காய்ச்சல் என்றால் குணமாகும் வரை பொறுக்கலாம். வழக்கமான ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஊசியாலேயே இன்புளுவன்சா வந்துவிடாது. ஆனால் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்ட ஏறத்தாழ இரண்டு கிழமை பிடிக்கும். 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் முறை போடும்போது 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. மே முதல் வாரத்தில் ஓடிப்போய் போட்டால் முழுப் பாதுகாப்பு கிடைக்க ஜூன் நடுப்பகுதி ஆகிவிடும். பிப்ரவரியில் தொடங்கியிருந்தால் புத்தாண்டுக்கு முன்பே வேலை முடிந்திருக்கும். 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி போடுவதில்லை; தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

இந்த ஊசி எல்லாரையும் காக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும். பலனும் ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் 6 மாதம் முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு 2009 முதல் மூன்று ஆண்டுகள் போட்டுப் பார்த்தார்கள். முதலாண்டில் ஏறத்தாழ கால்வாசிப் பாதுகாப்புத்தான். மூன்றாம் ஆண்டில் அது பாதியைத் தாண்டியது. ஜப்பானில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரவலாகப் போட்ட காலத்தில் முதியவர்களின் மரணமும் குறைந்ததாக 2001இல் வெளியான ஆய்வு கண்டது. பேரப்பிள்ளையை அம்மம்மா வளர்க்கும் நம் வீடுகளுக்கு இது பெரிய செய்தி.

பரவும் நாட்களில், மூச்சு வாங்குதல், விலா உள்ளிழுத்தல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

முட்டு வருத்தமோ இருதயக் கோளாறோ உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். அவர்களுக்காவது பிப்ரவரி, மார்ச் கிளினிக்குகளில் இந்த ஊசியை இலவசமாகப் போட சுகாதார அமைச்சு முன்வர வேண்டும். மற்ற ஊசிகளை வைத்திருக்கும் அதே குளிர்சாதனப் பெட்டி போதும். மிஸ் இருக்கிறார், பதிவேடும் இருக்கிறது; வாங்கித் தர வேண்டியது மருந்து மட்டும்தான்.