நீங்க ஆர்.சி.யா... சி.எஸ்.ஐ.யா?

கரியாலூர் டீக்கடையில் அரை கிளாஸ் டீ உள்ளே போவதற்குள் என் ஊர், மதம், சம்பளம் மூன்றையும் விசாரித்துவிட்டார் பக்கத்து பெஞ்சுக்காரர். சம்பளத்தில் மட்டும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். 'கிறிஸ்டியன்' என்றதும் ஆளை விடவேண்டுமே! "அதுல எது சார்? ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, இல்ல கைதட்டிப் பாடுற பெந்தெகொஸ்தேவா?"

அப்பா ஆர்.சி., அம்மா சி.எஸ்.ஐ. பூசைக்கு ஒரு கோயில், பிரசங்கத்துக்கு ஒரு கோயில் என்று வளர்ந்தவன் நான். பி.காமில் டபுள் என்ட்ரி சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கில் அது செல்லும். கல்யாணத்தில் செல்லாது. பெண் வீட்டார், "மாப்பிள்ளை எந்தச் சபை?" என்பார்கள். "ரெண்டும்தான்" என்றால் காபி டம்ளர் அப்படியே நிற்கும். ஒரு நல்ல வரன் இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துபோனது. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். (இப்போது சொல்லி என்ன செய்ய?)

"லேபிளைக் கிழித்துப் போடு, ஏசுவை மட்டும் பிடி" என்று நண்பர்கள் அட்வைஸ் பண்ணுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லேபிள் எல்லோருக்கும் ஒரே விலை இல்லை சார். கல்வராயன் மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினர் எந்த மதத்துக்குப் போனாலும் எஸ்.டி.தான். மலை இறங்கினால் கதை வேறு. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி, ஒரு தலித் 'கிறிஸ்தவர்' என்று எழுதிக்கொடுத்தால் எஸ்.சி. சலுகை போச்சு, தமிழ்நாட்டில் அவர் பி.சி. ஆகிவிடுவார். சீக்கியர்களுக்கு 1956-லும், பௌத்தர்களுக்கு 1990-லும் திறந்த கதவு கிறிஸ்தவர்களுக்குத் திறக்கவில்லை. ஒரு வார்த்தையில் பிள்ளையின் காலேஜ் சீட்டே இருக்கிறவரிடம் போய் 'லேபிள் வேண்டாம்' என்று தத்துவம் பேசினால் அடிக்க வருவார். வரட்டும், நியாயம்தான்.

இதையெல்லாம் மீறி, பெயர்ப்பலகைக்குள் அடங்காமலே ஒரு மனிதர் கிறிஸ்தவராக வாழ்ந்து பார்த்தார். அவர் வந்துபோன ஊர் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மலை இறங்கி, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி தாண்டிப் போனால் திருக்கோவிலூர். அங்கே ஞானானந்த கிரி சுவாமிகளின் தபோவனம். 1955 டிசம்பரில் அந்த ஆசிரமத்துக்குக் காவி வேட்டியில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெயர் ஆன்றி லெ சோ. பிரான்சில் பிரித்தானி கடற்கரையில் 1910-ல் பிறந்தவர். 19 வயதில் பெனடிக்டின் மடத்தில் சேர்ந்த கத்தோலிக்கச் சாமியார். 1948-ல் இந்தியா வந்து, 1950-ல் குளித்தலை பக்கம் தண்ணீர்பள்ளியில், காவிரிக்கரையில், ஜூல்ஸ் மோன்ஷனேன் என்ற இன்னொரு பிரெஞ்சு பாதிரியாரோடு சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கினார். சாந்திவனம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே அவர் அபிஷிக்தானந்தர் ஆனார்.

காவி கட்டிய பாதிரியார் நமக்குப் புதுசா என்ன? 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியே கட்டியாயிற்று. ஆனால் நோபிலி சொல்லிக்கொடுக்க வந்தவர். இவர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். வித்தியாசம் அங்கேதான். ரமண மகரிஷியை 1949-ல் பார்த்தார். பிறகு அருணாசல மலைக் குகைகளில் நாள் கணக்கில் தங்கினார். திருக்கோவிலூரில் ஞானானந்தரிடம், துவைதமா அத்வைதமா என்று படித்த மனுஷருக்கே உரிய கேள்வியைப் போட்டார். அந்த விசாரணையால் என்ன பிரயோஜனம், உள்ளே தேடு என்கிற மாதிரி பதில் வந்தது. 1956-ல் மறுபடி வந்து தங்கினார். இவரையே தன் குரு என்று பின்னால் ஒரு புத்தகமும் எழுதினார். திருக்கோவிலூருக்கு இது பொருத்தம்தான். மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆழ்வார்கள் ஒரு இடைகழியில் இடம் பண்ணிக்கொள்ள, நாலாவதாக ஒருத்தர் வந்து நெருக்கிய ஊராச்சே! இடைகழி என்றால் வீட்டுக்கு உள்ளேயும் சேராது, தெருவிலும் சேராது.

அங்கே நிற்பது சுகமில்லை. உபநிடத அனுபவம் நிஜம் என்று அவர் மனசுக்குப் பட்டது. ஏசுவும் நிஜம். இரண்டையும் எப்படிப் பொருத்துவது? 'நான் யாரை ஏமாற்றுகிறேன்?' என்கிற தவிப்பு அவர் நாட்குறிப்பில் வருஷக்கணக்காக ஓடுகிறது. கூட இருந்த மோன்ஷனேனுக்கே சந்தேகம். அத்வைதமும் கிறிஸ்தவமும் ஒன்றுசேருமா என்ற கவலையோடு 1957-ல் அவர் காலமானார். வெளியிலும் விடவில்லை. இது இந்துத்தனம் என்று ஒரு சாரார். இது மதமாற்றத்துக்குப் போட்ட வேஷம் என்று இன்னொரு சாரார். 1988-ல் சீதாராம் கோயல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். சேரி ஜனங்களின் ஏசு எங்கே, சமஸ்கிருதம் மட்டும்தான் இந்தியாவா என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். கடைசிக் கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. அதற்கு சாந்திவனத்தில் முழுசாகப் பதில் இல்லை.

ஆனாலும் அந்த மனுஷரிடம் எனக்கு ஒரு பிடிப்பு. சுலபமாக இரண்டு வழி இருந்தது. அங்கியைக் கழற்றிவிட்டு இந்து சன்னியாசியாகியிருக்கலாம். பேட்டி எடுக்க க்யூ நின்றிருக்கும். இல்லையென்றால் பழையபடி மடத்துக்குத் திரும்பி நல்ல பிள்ளையாகியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. 1960-ல் இந்தியக் குடியுரிமை வாங்கினார். 1964-ல் ரைமோன் பணிக்கரோடு கங்கோத்ரிக்கு நடந்துபோய், கங்கை பிறக்கும் பனியில் திருப்பலி நிறைவேற்றினார். கடைசிவரை அவர் குருப்பட்டத்தைத் துறக்கவும் இல்லை, அருணாசலத்தை மறுக்கவும் இல்லை. அடுத்து என்ன செய்வார் என்று மேலிடத்துக்கும் தெரியாது, பக்தர்களுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்கு டவுட்.

சாந்திவனத்தை 1968-ல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி ஏற்றுக்கொண்டார். இவர் உத்தரகாசி பக்கம் ஒரு குடிசைக்குப் போய்விட்டார். 1973 ஜூலை 14. ரிஷிகேஷ் கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு, புறப்படுகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நம்மைப் போலத்தான். ஓட்டத்திலேயே மாரடைப்பு. தெருவோரம் விழுந்து கிடந்த அந்த நேரத்தில், வருஷக்கணக்காக அரித்த கேள்வி இறங்கிப்போனதாகவும், அப்படியொரு ஆனந்தம் வந்ததாகவும் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பஸ்ஸைத் தவறவிட்டு ஆனந்தப்பட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். ஐந்து மாசம் கழித்து, டிசம்பர் 7 அன்று, இந்தூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் காலமானார். முதலில் அங்கேயே புதைத்தார்கள். பிற்பாடு எடுத்துவந்து தண்ணீர்பள்ளியில் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் அவர் போட்டோவைக் காட்டினேன். ஜடாமுடி, தாடி, காவி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"யாருடா இது? நம்ம ஆளா?"

"ஆமாம்மா."

"ஆர்.சி.யா?"