மணிக்கட்டில் கட்டிய கவசம்

1916 ஜூலை 1. பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதி. பதுங்குகுழிகளில் நின்ற பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாயில் விசில், கண் மணிக்கட்டில். முள் சரியாக 7.30ஐத் தொட்டதும் விசில்கள் ஒலித்தன. ஆயிரக்கணக்கான வீரர்கள் மேலேறினார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர்.

அந்த முதல் உலகப்போருக்கு முன்பு கைக்கடிகாரம் பெண்களின் நகையாகவே கருதப்பட்டது. ஆண்கள் சங்கிலி கோத்த கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். 1899இல் தொடங்கிய போயர் போரிலேயே சில பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைத் தோலுறையில் செருகி மணிக்கட்டில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். உலகப்போர் அந்தப் பழக்கத்தைக் கட்டாயமாக்கியது.

காரணம் பீரங்கி. தொலைபேசிக் கம்பிகள் குண்டுவீச்சில் அறுந்துபோகும். தூக்கிச் செல்லும் வானொலி அன்று வீரர்களிடம் இல்லை. அதனால் பீரங்கிப் படையும் காலாட்படையும் முன்கூட்டியே கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டு, நேரப்பட்டியல்படி இயங்கின. குண்டு மழை சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுமார் 90 மீட்டர் முன்னே நகரும். வீரர்கள் அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். முந்தினால் தம் பக்கத்துக் குண்டே தலையில் விழும். பிந்தினால் எதிரி இயந்திரத் துப்பாக்கியோடு எழுந்துவிடுவான். ஒரு நிமிடப் பிசகுக்கு விலை உயிர்.

இப்படிப்பட்ட கடிகாரத்தைச் சேற்றிலும் கல்லிலும் உருண்டு புரளும் கையில் எப்படிக் காப்பது? முதலில் உடைவது கண்ணாடி. அது வளையாது. ஓரிடத்தில் விழும் அடி சிறு விரிசலாகி, நொடிக்குள் முழுவதும் பாய்ந்துவிடும். சில்லுகள் முள்ளில் சிக்கினால் கடிகாரம் நின்றுபோகும். உலோகம் அப்படியல்ல, நசுங்கி, வளைந்து, அடியின் வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். எனவே டயலின் மேல் துளையிட்ட உலோக மூடி வந்தது. துளைகளின் வழியே எண்களும் முட்களும் தெரியும். வார்ப்பட்டையில் கோத்துக்கொள்ளும் வகையும் உண்டு, கீலில் திறந்து மூடும் வகையும் உண்டு. குண்டுச் சிதறலைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்பட்டாலும், பாய்ந்து வரும் சிதறலை நிறுத்தும் வலு அந்த மெல்லிய தகட்டுக்குக் கிடையாது. துப்பாக்கிக் கட்டையின் இடி, கல்லில் உரசல் போன்றவற்றையே அது தாங்கியது. கண்ணாடிக்குப் பதிலாகச் செல்லுலாய்டும் பொருத்தினார்கள். அது சில்லாகாது, ஆனால் எளிதில் தீப்பற்றும். தூசும் ஈரமும் புகாமலிருக்கத் திருகி மூடும் பெட்டிகள் வந்தன.

மிஞ்சியது இருட்டு. நள்ளிரவில் தீக்குச்சி கிழித்து மணி பார்த்தால் எதிரியின் குறி அங்கேதான் விழும். அதற்கு விடையாக வந்தது, 1898இல் கியூரி தம்பதியர் கண்டறிந்த ரேடியம். துத்தநாக சல்பைடுத் தூளோடு மிகச் சிறிதளவு ரேடியத்தைக் கலந்து எண்களிலும் முட்களிலும் பூசினார்கள். ரேடியத்திலிருந்து சிதறும் ஆல்ஃபா துகள் ஒவ்வொன்றும் துத்தநாக சல்பைடுப் படிகத்தில் மோதும்போது ஒரு பொட்டு வெளிச்சம் பிறக்கும். வெயிலில் காட்ட வேண்டியதில்லை, இரவெல்லாம் ஒளிரும். ஆல்ஃபா துகளைக் கண்ணாடியே நிறுத்திவிடும் என்பதால் கட்டியிருந்தவருக்கு அபாயம் குறைவு.

பூசியவர்களுக்கோ அது எமனாயிற்று. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் இந்தக் கடிகாரங்களுக்குத் தேவை பெருகியது. நியூஜெர்சியின் ஆரஞ்சு நகரத்தில் இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி எண்களைத் தீட்டினார்கள். அப்படிச் செய்யத்தான் அவர்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. வேதியியல் குணத்தில் ரேடியம் கால்சியத்தின் உறவு. உடல் அதைக் கால்சியம் என்றே எண்ணி எலும்பில் சேர்த்துக்கொள்ளும். வெளியே மெல்லிய கண்ணாடியைத் தாண்ட முடியாத துகள், எலும்புக்குள் உட்கார்ந்து பக்கத்துத் திசுக்களை ஆண்டுக்கணக்கில் தாக்கியது. பல் உதிர்ந்தது, தாடை அரித்தது, பலர் இறந்தார்கள். அங்கே வேலை செய்த கிரேஸ் ஃப்ரையரும் இன்னும் நான்கு பெண்களும் வழக்குத் தொடுத்து 1928இல் இழப்பீடு பெற்றார்கள். 1933இல் கிரேஸ் இறந்தார். போர்முனையைக் கண்ணால் பார்க்காத இவர்களும் அந்தப் போரின் பலிகளே.

நம் ஊரில் இருட்டில் மின்னும் எதையும் 'ரேடியம்' என்கிறோம். வண்டிகளில் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கரில்' ரேடியம் துளியும் இல்லை. விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் தாள் அது. ஆனால் தாத்தா காலத்துக் கடிகாரங்கள் சிலவற்றில் இருப்பது அசல் ரேடியம். துத்தநாக சல்பைடு சில ஆண்டுகளில் நைந்துபோவதால் ஒளி மங்கியிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். நூறாண்டில் கரைந்தது ஏறக்குறைய 4 விழுக்காடுதான். அப்படியொரு கடிகாரம் உங்கள் பெட்டியில் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், டயலைச் சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.