தாடை அறுவைக்கு முதல் ஆண்டிலேயே தயாராகலாம்

சிதம்பரம் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு, 2021-ல் அரசுக் கட்டணம் வந்தது. காலனிப் பிள்ளைகளுக்கும் பி.டி.எஸ். கைக்கெட்டும் படிப்பானது. ஆனால், வாய், முகத்தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். படிக்கலாம் என்ற நினைப்பே நம்மில் பலருக்குக் கடைசி ஆண்டில்தான் வருகிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவே சொல்லிவிடுவார். நமக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதுகிறோம்.

விபத்தில் உடைந்த தாடை, உதட்டுப் பிளவு, வாய்ப்புற்று எல்லாம் இத்துறைக்கு வருபவை. முதல் ஆண்டு உடற்கூறியலில் முக நரம்புகளைப் படம் வரைந்தே படியுங்கள். நீட் எம்.டி.எஸ். தேர்விலும் கேட்பார்கள், கத்தி பிடிக்கும்போதும் அதுதான் கைகொடுக்கும். பல் பிடுங்கும் பிரிவில் கூடுதல் நேரம் நில்லுங்கள். சீனியரிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம். மாநில ஒதுக்கீட்டில் அருந்ததியருக்கான 3 சேர்த்து எஸ்.சி.க்கு 18 விழுக்காடு உண்டு. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.